தூணுக்கு வாதாடியவர்

புதிதாக ஒரு கட்சிக்காரன் வந்தால் மற்ற வக்கீல்கள் "என்ன விஷயம்?" என்று கேட்பார்கள். எங்கள் வக்கீல் "செருப்பைக் கழற்றுங்க" என்பார்.

அது ஏதோ கோர்ட்டு மரியாதை என்று நினைத்து என் அப்பா செருப்பைக் கழற்றியதோடு, தோளில் கிடந்த துண்டையும் எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். வக்கீலுக்குத் துண்டைப் பற்றி அக்கறையில்லை.

"தரை எப்படி இருக்கு பெரியவரே?"

நிலத் தகராறு என்று வந்த இடத்தில் தரையைப் பற்றிக் கேட்பது நியாயம்தான் என்று அப்பாவுக்குப் பட்டிருக்க வேண்டும். கால் விரல்களை ஊன்றிப் பார்த்துவிட்டுப் பொறுப்பாகப் பதில் சொன்னார்.

"ஜில்லுனு கீது சார்."

"வெளியே வெயில்?"

"மண்டைய பொளக்குது."

"அதான்!" என்றார் வக்கீல், எதிரியின் வாயிலிருந்து உண்மையைப் பிடுங்கிவிட்டவர் போல. "கரண்ட் கிடையாது. ஃபேன் ஓடலே. அப்புறம் எப்படி ஜில்லுனு இருக்கு? சுவரைத் தொடுங்க. சும்மா தொடுங்க, தம்பி நீங்களும் தொடுங்க."

தொட்டோம். சுண்ணாம்புச் சுவர், இரண்டு முழத்துக்குக் குறையாத பருமன், தண்ணீர்ப் பானையின் வயிறு மாதிரி குளிர்ந்து கிடந்தது. சுவர் வெயிலை எப்படிச் சாயங்காலம்வரை உள்ளே விடாமல் பிடித்து வைக்கிறது, சூடான காற்று மேலே போய் எந்த ஜன்னல் வழியாக வெளியேறுகிறது என்பதையெல்லாம் அவர் விளக்கி முடித்தபோது சாப்பாட்டு வேளை ஆகிவிட்டது. எங்கள் வழக்கு என்னவென்று அவர் கேட்டது மறுநாள்தான்.

எந்த ஊர் கோர்ட் என்று சொல்ல மாட்டேன். பூந்தமல்லிப் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அதற்கு மேல் சொன்னால் என்மேல் யாராவது வழக்குப் போடலாம், அப்புறம் நான் ஒரு வக்கீலைத் தேட வேண்டியிருக்கும். ஒரு ஜன்மத்துக்கு ஒரு வக்கீல் போதும்.

எங்கள் வழக்கு மிகவும் எளிமையானது. எளிமையான வழக்குகளுக்குத்தான் ஆயுள் கெட்டி. பாரிவாக்கம் போகிற ரோட்டின் மேலேயே எங்கள் தாத்தாவுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. கிணற்றுக்கு இந்தப் பக்கம் உனக்கு, அந்தப் பக்கம் என் தம்பி மகனுக்கு என்று வாய்வார்த்தையாகப் பிரித்துவிட்டு அவர் போய்ச்சேர்ந்தார். கிணறு யாருக்கு என்று சொல்ல மறந்துவிட்டார். தாத்தாவின் தம்பி மகன் என்றால் எனக்குச் சித்தப்பா முறை. அவர் கிணறு தனக்கு என்றார், அப்பா தனக்கு என்றார், கடைசியில் இருவருமே மொத்த நிலமும் தனக்கு என்று மனுப் போட்டார்கள். தீர்ப்பு வரும்வரை யாரும் உழக்கூடாது என்று உத்தரவு. அப்பாவுக்கு அந்த நிலத்தைத் தவிர வேறு எதிலும் பெரிய ஆசை இருந்ததாக எனக்கு நினைவில்லை. சாவதற்குள் ஒரு தடவை அதில் வேர்க்கடலை போட்டுப் பிடுங்கிவிட வேண்டும், அவ்வளவுதான். அதற்காகத்தான் பத்துப் பன்னிரண்டு வருஷம் கோர்ட்டுக்கு நடந்தார்.

நான் அப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. என்னுடைய கேஷுவல் லீவெல்லாம் அந்தக் கோர்ட் வராந்தாவில்தான் செலவாயிற்று. மற்றவர்கள் லீவு போட்டுத் திருப்பதி போவார்கள், நான் வாய்தாவுக்குப் போவேன். நான் இன்று ஏதோ நாலு புத்தகம் படித்தவன் என்று பெயர் வாங்கியிருக்கிறேன் என்றால், அதில் மூன்று புத்தகமாவது அந்த வராந்தாவில் படித்ததாக இருக்கும்.

சித்தப்பாவும் எங்களோடு அதே பஸ்ஸில்தான் வருவார். ஊருக்கு வேறு பஸ் கிடையாது. அப்பா முன் சீட்டில் உட்கார்ந்தால் அவர் பின் சீட்டு. ஒருவரோடொருவர் பேச்சு கிடையாது. ஆனால் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தீர்ந்துபோனால் சித்தப்பா என்னிடம், "டேய், உங்க நைனா கைல சுண்ணாம்பு கீதான்னு கேளு" என்பார். அப்பா டப்பாவை என் கையில் கொடுத்து, "அவனுக்கு குடு, கேஸு வேற சுண்ணாம்பு வேற" என்பார்.

வக்கீலுக்கும் அப்படித்தான். அவருக்குக் கேஸ் வேறு, சுண்ணாம்பு வேறு. இரண்டில் எது பெரிது என்பதைத்தான் நாங்கள் நேரத்தோடு கண்டுபிடிக்கத் தவறினோம்.

ஆள் உயரம். ஒல்லி. கறுப்புக் கோட்டின் இடது தோளில் எப்போதும் வெள்ளையாக ஒரு தேய்ப்பு இருக்கும். தூணில் சாய்ந்து நிற்பதால் வந்தது. முகப்பில் ஆறு உருண்டைத் தூண்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தயிரும் முட்டை வெள்ளையும் விட்டு அரைத்துப் பூசி, கூழாங்கல்லால் நாள்கணக்கில் தேய்த்து மெருகேற்றினார்களாம். "சலவைக்கல் இல்லே, தம்பி. சலவைக்கல்லுக்கு இந்தப் பளபளப்பு வராது" என்பார், தன் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் சொல்கிற குரலில்.

கட்டடத்தின் சரித்திரத்தை அவர் சொல்லி நான் கேட்ட முறைகளுக்குக் கணக்கில்லை. பூந்தமல்லியில் பட்டாளம் இருந்த நாளில் அது குதிரைகளுக்குக் கொள்ளு வைக்கிற கிடங்கு. கொள்ளில் ஈரம் ஏறக்கூடாது என்றுதான் அவ்வளவு பருமனான சுவர். பட்டாளம் போனபின், காலியாகக் கிடக்கும் கிடங்கை என்ன செய்வது என்று வெள்ளைக்காரன் யோசித்து, முன்னால் தூணும் முக்கோண முகப்பும் ஒட்டி, உள்ளே ஒரு மேடை கட்டி, நீதிமன்றம் என்று சொல்லிவிட்டான். "முன்னாடி கம்பீரம், பின்னாடி கொள்ளு" என்பார் வக்கீல், சிரிக்காமல். முக்கோணத்தின் நடுவில் கடிகாரத்துக்கென்று ஒரு பெரிய வட்டம் விட்டிருந்தார்கள். கடிகாரம் சீமையிலிருந்து வருவதாக இருந்ததாம், கடைசிவரை வரவில்லை. எந்த நேரத்திலும் எதுவும் நடக்காத ஓர் இடத்துக்கு அதைவிடப் பொருத்தமான கடிகாரம் கிடையாது என்று நான் ஒருமுறை சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. வழக்கைக் கிண்டல் செய்யலாம், வட்டத்தைக் கூடாது.

கோர்ட் ஹாலுக்குள் தலைக்கு மேலே தேக்கு உத்தரங்கள். அவற்றின் குறுக்கே சட்டங்கள், அதற்கும் மேலே சின்னச் செங்கற்களைக் குத்துவாட்டில் சாய்த்து அடுக்கிய மெட்ராஸ் டெரஸ். சுவரில் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை, அதில் பித்தளை வளையம். அந்தக் காலத்தில் பங்கா என்ற தொங்குவிசிறியை இழுக்கிறவன் வராந்தாவில் உட்கார்ந்து, ஓட்டை வழியாக வந்த கயிற்றைக் கால் கட்டைவிரலில் கட்டிக்கொண்டு ஆட்டுவானாம். இன்னொரு விசேஷமும் உண்டு. கூண்டில் நின்று சாட்சி சொல்வது எதிரில் இருக்கிற ஜட்ஜுக்குச் சரியாகக் கேட்காது. குரல் மேலே போய் உத்தரத்தில் முட்டி, வராந்தாவில் முறுக்கு விற்கிறவனுக்குத் தெளிவாகக் கேட்கும். பல வழக்குகளில் என்ன நடந்தது என்பது அந்த முறுக்குக்காரனுக்குத்தான் தெரியும்.

வக்கீல் வாதாடும்போது அண்ணாந்து உத்தரத்தையே பார்ப்பார். புது ஜட்ஜுகள் அவர் ஆழ்ந்து யோசிப்பதாக நினைத்து மரியாதையாகக் காத்திருப்பார்கள். உண்மையில் அவர் ஒழுக்கு பார்த்துக்கொண்டிருப்பார். மழைக்காலத்தில் அவரிடமிருந்து வாதத்தை எதிர்பார்க்கவே முடியாது. வீட்டிலிருந்து ஒரு நீளக் கம்பி கொண்டுவருவார். கோட்டைக் கழற்றி அப்பா கையில் கொடுத்துவிட்டு மாடி ஏறி, தண்ணீர் போகிற துவாரங்களில் அடைத்த வேப்ப இலைகளைக் குத்தித் தள்ளுவார். அப்பா கீழே நின்று, "சார், இந்தாண்ட இன்னும் சொட்டுது" என்று குரல் கொடுப்பார். தன் கேஸை அன்றைக்கு எடுக்கவில்லை என்ற வருத்தமே அவர் முகத்தில் தெரியாது. தானும் ஏதோ ஒரு வேலையில் பங்கெடுத்துக்கொண்ட திருப்தி.

அப்பாவுக்கு அவரை அவ்வளவு பிடித்திருந்தது. ஊரில் யாராவது "இன்னாப்பா, ஒன் வக்கீலு எப்பிடி?" என்று கேட்டால், "அவுரு பூராத்தயும் தெரிஞ்சவரு. செங்கல்லு செங்கல்லா சொல்லுவாரு" என்பார். கேட்டவர்கள் அது எங்கள் வழக்கைப் பற்றியது என்று நினைத்துக்கொள்வார்கள்.

வக்கீலைப் பற்றி எனக்கு முதன்முதலில் சந்தேகம் வந்தது, சித்தப்பா கூண்டில் ஏறிய அன்றுதான்.

அதிசயமாக அன்றைக்கு வக்கீல் உத்தரத்தைப் பார்க்காமல் சித்தப்பாவையே பார்த்துக் கேள்வி கேட்டார். கிணற்றில் கடைசியாகத் தூர் வாரியது யார், மாடு கட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்தது யார் என்று நூல் பிடித்தாற்போல் போய், "அப்படியானால் பெரியவர்தான் கிணற்றை அனுபவித்து வந்தார், இல்லையா?" என்று நிறுத்தினார். சித்தப்பாவுக்கு வியர்த்துக் கொட்டியது. துண்டின் நுனியைக் கடித்துக்கொண்டு நின்றார். ஆமாம் என்று சொல்வதற்கு உதடு பிரிந்ததை நான் பார்த்தேன். அப்பா என் கையைப் பிடித்து நசுக்கிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் வெளியே "டர்ர்ர்" என்று சத்தம்.

வக்கீல் திரும்பினார். வயர் இழுக்க வந்த எலெக்ட்ரீஷியன் ஒருவன் மூன்றாவது தூணில் டிரில்லை வைத்திருந்தான். "ஒரு நிமிஷம், யுவர் ஆனர்" என்று சொல்லிவிட்டு வக்கீல் ஓடினார். நடக்கவில்லை, ஓடினார். வெளியே அவர் போட்ட சத்தம், கட்டடத்தின் அந்த விசேஷத்தால், உள்ளே எல்லோருக்கும் கேட்டது.

"டேய், டேய், எடு கையை! அது தூண்டா! உங்க வீட்டு அம்மிக்கல்லா?"

"இன்னா சார், ஒரு கிளாம்பு அடிக்கறதுக்கு இம்மாம் கூச்சல் போடறே? ஆர்டர் கீது சார்!"

ஒரு நிமிஷம் என்றவர் கால்மணி நேரம் கழித்து வந்தார். அதற்குள் சித்தப்பா ஒரு கோலி சோடா குடித்துவிட்டு மனிதராகியிருந்தார். கேள்வியை மறுபடி கேட்டதும், "நான்தான் அனுபவிச்சுகினு வந்தேன்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்.

அன்றைக்கு பஸ்ஸில் நான் பொருமிக்கொண்டே வந்தேன். அப்பாதான் எனக்குச் சமாதானம் சொன்னார். "உட்றா. சாட்சிய நாளைக்கு கூட கேட்டுக்கலாம். தூணு போனா வருமா?"

அந்த வாக்கியம் அவருடையது இல்லை என்று எனக்குத் தெரியும். வக்கீல் கோட்டைக் கொடுத்து வைத்த மாதிரி, தன் வாக்கியங்களையும் அப்பாவிடம் கொடுத்து வைத்திருந்தார்.

தொண்ணூறுகளின் நடுவில் அந்தப் பக்கமெல்லாம் பிளாட் போட ஆரம்பித்தார்கள். செம்பரம்பாக்கம்வரை மஞ்சள் கல் நட்டாயிற்று. நிலம் விலை ஏற ஏற அண்ணன் தம்பிகள் சண்டையும் ஏறி, கோர்ட்டில் நிற்க இடமில்லை. பழைய கட்டடத்தை இடித்துவிட்டு அதே இடத்தில் மூன்று மாடிக்குப் புதுக் கோர்ட் கட்டலாம் என்று பேச்சு வந்தது.

வக்கீல் இளைத்துப் போனார். ஷேவ் செய்து கொள்ள மறந்தார். பெரிய இடங்களுக்கெல்லாம் நடந்தார். கடைசியில் அவர் பிடித்த பிடியில், இடிப்பதற்கு முன் நேரில் வந்து பார்ப்பதாக ஓர் எக்ஸிகியூட்டிவ் இன்ஜினியர் ஒப்புக்கொண்டார். கழுத்தில் கர்சீப் சுற்றிய, அலுத்துப்போன நல்ல மனிதர். அன்றைக்கு எங்களுக்கும் வாய்தா இருந்தது.

அவரையும் செருப்பைக் கழற்ற வைத்தார் வக்கீல். ஷூ என்பதால் கொஞ்சம் நேரம் பிடித்தது. பிறகு தூண், சுவர், உத்தரம், பங்கா ஓட்டை. நாங்களும் பின்னாலேயே போனோம். வக்கீலுக்கு மூச்சு வாங்கிய இடங்களில் அப்பா எடுத்துக் கொடுத்தார்.

"முட்ட வெள்ள போட்டு இழைச்சது சார். தொட்டு பாருங்க, ஷோக்கா இருக்கும்."

"இவர் யாரு?" என்றார் இன்ஜினியர்.

"என் கட்சிக்காரர்" என்றார் வக்கீல். அதில் பெருமை இருந்தது. அப்பாவுக்கு முகமெல்லாம் பல்.

சுற்றி முடிந்ததும் இன்ஜினியர் ஷூவுக்குள் காலை நுழைத்தபடி சொன்னார். "கட்டடம் கல்லு மாதிரி இருக்கு, நான் இல்லேன்னு சொல்லலே. இதை இடிக்க எனக்கும் மனசு வரலே. ஆனா வேற இடம் ஏது? ரோடு மேல இருக்கணும், மேடா இருக்கணும். அப்படி ஒரு இடம் இருந்தா நானே எழுதிடறேன்."

வக்கீல் மூன்றாவது தூணில் சாய்ந்துகொண்டார். பிறகு, "பெரியவரே, இப்படி வாங்க" என்றார்.

அப்பா வந்தார்.

"உங்க நிலம் எங்கே இருக்குன்னு சாருக்குச் சொல்லுங்க."

அப்பாவின் நிலையிலிருந்து இதை யோசிக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் கோர்ட் வளாகத்துக்குள் ஓர் அதிகாரி முன்னால் யாராவது அந்த நிலத்தைப் பற்றி அவரிடம் வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை. கிணற்றைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள், தாத்தாவைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். நிலம் எப்படி இருக்கும் என்று ஒருவரும் கேட்டதில்லை. அப்பா துண்டை இடுப்பில் கட்டினார். கேஸ் ஒருவழியாக நகர்ந்துவிட்டது என்று அவர் நினைத்தது எனக்கு அவர் கழுத்திலேயே தெரிந்தது.

"ரோடு மேலயே கீது சார். பஸ்ஸ உட்டு எறங்குனா நம்ம கொல்லதான்."

"மழைக்குத் தண்ணி நிக்குமா?" என்று கேட்டார் வக்கீல்.

"செம்பரம்பாக்கம் ஏரி ரொம்பி ஊரே முழுகட்டும், நம்ம நெலத்துல கணுக்கால் தண்ணி நிக்காது. அம்மாம் மேடு."

"கீழே பாறை?"

"கெணறு வெட்டுனப்போ ஒரு கல்லு வரலயே. நல்ல செம்மண்ணு. அப்பால சுக்கான் மண்ணு. தண்ணி இளநீரு மாரி."

சித்தப்பா சற்றுத் தள்ளி ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது. இத்தனை வருஷமாகப் பேச்சுவார்த்தையில்லாத மனிதர், கிட்டே வந்து அப்பாவின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார்.

"அண்ணாத்த, போதும். வாய மூடு."

அப்பா திரும்பிப் பார்த்தார். எதிராளி வாயை மூடச் சொல்கிறான் என்றால், தான் சரியான இடத்தில் அடித்துக்கொண்டிருக்கிறோம் என்றுதானே அர்த்தம்?

"உனுக்கு ஏன்டா எரியுது? கேக்கறாங்கோ, சொல்றேன்."

"அய்ய, இன்னாத்துக்கு கேக்கறாங்கோன்னு ரோசன பண்ணு அண்ணாத்த! ஒன் கால்ல உய்ந்து கேக்கறேன்."

"இப்ப கால்ல உய்வான்! கூண்டுல ஏறி புளுகுனப்போ கால் எங்க போச்சு?" என்றார் அப்பா. இன்ஜினியர் பக்கம் திரும்பி, இன்னும் உரக்க, எல்லாவற்றையும் சொன்னார். நாலு பக்கமும் வழி உண்டு என்றார். பக்கத்தில் வீடு கிடையாது, தகராறு வராது என்றார். எங்கள் தாத்தாவே அங்கே ஒரு சத்திரம் கட்ட நினைத்தார் என்றும் சொன்னார். அது நான் கேள்விப்படாத செய்தி.

ஒரு சாட்சியிடமிருந்து எதை, எந்த வரிசையில் கேட்டு வாங்க வேண்டும் என்பது வக்கீலுக்கு அருமையாகத் தெரிந்திருந்தது. எங்கள் வழக்கில் அவர் ஒரே ஒரு சாட்சியைத்தான் தடங்கலில்லாமல் விசாரித்தார்.

"வழக்கு முடியறதுக்கு இன்னும் எவ்வளவு காலம் ஆகும்?" என்று இன்ஜினியர் மெதுவாகக் கேட்டார்.

"அது முடியாது சார்" என்றார் எங்கள் வக்கீல்.

எனக்குப் புரிந்துவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லையா என்று கேட்பீர்கள். திறந்தேன். "சார், அது..." என்று ஆரம்பித்தேன். அப்பா என்னைப் பார்த்து, "பெரியவங்க பேசிகினு இருக்கசொல்லோ இன்னாடா நடுவுல" என்று அடக்கிவிட்டார். வக்கீலும் "ஒரு நிமிஷம் தம்பி" என்றார். அவருடைய ஒரு நிமிஷம் எனக்குத் தெரியும்.

அப்பாவுக்கு எல்லாம் விளங்கியது, புதுக் கோர்ட்டுக்கு என்று சர்க்கார் ஆட்கள் வந்து எங்கள் நிலத்தில் சங்கிலி பிடித்து அளந்து கல் நட்ட அன்றுதான். ஆட்சேபம் சொல்லலாம் என்றார்கள். போய்ச் சொன்னோம். விசாரித்த அதிகாரி, "பெரியவரே, நல்ல இடம்னு நீங்களே சொன்னீங்களாமே" என்றார். அப்பா ஆமாம் என்று தலையாட்டினார். நல்ல இடம்தானே?

மறுநாள் விடிந்ததும் என்னை இழுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார். வக்கீல் வராந்தாவில் இருந்தார். ஷேவ் செய்திருந்தார். முகத்தில் பழைய களை திரும்பியிருந்தது. அப்பா அடித்துவிடுவார் என்று பயந்து நான் நடுவில் நின்றேன். அப்பா அடிக்கவில்லை.

"வக்கீலு சார், இத்தினி வருஷத்துல நீங்க ஒரே ஒரு கேஸு ஜெயிச்சுகீறீங்க. அத்தயும் என் மேலயே ஜெயிச்சுகீறீங்க."

வக்கீல் கண்ணைத் தாழ்த்துவார், மழுப்புவார், ஏதாவது ஒரு சட்டத்தைச் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். அதில் எதையாவது செய்திருந்தால் இத்தனை வருஷம் கழித்து அவரைப் பற்றி நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அவர் அப்பாவின் தோளில் கை வைத்தார்.

"ஜெயிச்சா உங்களுக்கு ஒரு நிலம், தோத்தா உங்க தம்பிக்கு ஒரு நிலம். யாராவது ஒருத்தர் நாளைக்குப் பிளாட் போட்டு வித்திருப்பீங்க. இது பாருங்க, முழுசா நிக்குது. நீங்க காப்பாத்தினது, பெரியவரே. நான் இல்லே. நீங்கதான்."

நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்! கண் கலங்கியிருந்தது. அப்பா அந்தக் கையைத் தோளிலிருந்து எடுத்து, பொருளைத் திருப்பிக் கொடுப்பது போல அவரிடமே கொடுத்துவிட்டு இறங்கி நடந்தார்.

வக்கீலை மாற்றச் சொல்லி நான் மன்றாடினேன். ஏனென்றால் நிலம்தான் போயிற்று, வழக்கு போகவில்லை. நஷ்ட ஈடு யாருக்கு என்று தெரியாததால் அதைக் கோர்ட்டிலேயே கட்டிவிட்டார்கள். இப்போது அதற்கு அடித்துக்கொள்ள வேண்டும். அப்பா மாற்ற மறுத்துவிட்டார். "புச்சா ஒருத்தன்கிட்ட மொதல்லேர்ந்து சொல்லணும். எனுக்கு வாயி நோவுது" என்றார். அதற்குப் பிறகு வீட்டிலும் அதிகம் பேசவில்லை. பாரிவாக்கம் பஸ் அந்த இடத்தைத் தாண்டும்போது எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்.

பழைய கட்டடம் இன்றும் நிற்கிறது. அழகாகவே இருக்கிறது, சொல்லிவிட வேண்டியதுதான். அதை வெறுக்க நான் எடுத்த முயற்சிகளில் ஒன்றுகூடப் பலிக்கவில்லை. வேண்டியவர்கள் யாராவது வந்தால் அழைத்துப் போய்க் காட்டுகிறேன். முட்டை வெள்ளை என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டு, காபி சாப்பிடலாம் என்பேன்.

புதுக் கோர்ட் திறந்து எங்கள் வழக்கை அங்கே முதன்முதலாக எடுத்த நாளில் நான் அப்பாவோடு போயிருந்தேன். தொண்ணூறுகள் முடியும் தறுவாய். மூன்று மாடி, எங்கு பார்த்தாலும் வெளிர் நீல டிஸ்டெம்பர். அப்பா உள்ளே போகாமல் பக்கவாட்டில், இன்னும் சிமெண்ட் போடாமல் விட்டிருந்த ஒரு துண்டு மண்ணில் போய் நின்றுகொண்டார். கிணறு இருந்த இடத்தை நான் கண்ணால் தேடினேன். ஸ்கூட்டர் ஸ்டாண்ட்.

வக்கீல் வந்தார். அத்தனை வருஷம் அந்த நிலத்துக்காக வாதாடியவர் (அப்படித்தான் பெயர்) அதில் காலெடுத்து வைத்தது அன்றைக்குத்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. கட்டடத்தை மேலும் கீழும் பார்த்தார். சுவரை ஒரு தட்டு தட்டினார். மண்ணைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், வேப்பமரக் காற்று அடித்ததும் ஒரு தடவை மூச்சை இழுத்துவிட்டார். பிறகு அப்பாவிடம், மனமார்ந்த துக்கத்தோடு சொன்னார்:

"என்ன அருமையான இடம், பெரியவரே! இப்படிக் கெடுத்து வெச்சிருக்காங்களே!"

உள்ளேயிருந்து டவாலி, அப்பாவின் பெயரைத் தாத்தாவின் பெயரோடு சேர்த்து இழுத்துக் கூப்பிட்டான். சித்தப்பா பெயரையும் கூப்பிட்டான். சித்தப்பா படியேறினார், நின்று எங்களைத் திரும்பிப் பார்த்தார், அப்புறம் உள்ளே போய்விட்டார். இரண்டாவது முறை கூப்பிட்டார்கள்.

"நைனா, கூப்பிடறாங்க. வா, போலாம்" என்றேன்.

"எங்கடா வர்றது? நான் இங்கதான கீறேன்."

"மூணாவது தடவை கூப்பிட்டா ஆஜரில்லைன்னு எழுதிடுவாங்க, பெரியவரே" என்றார் வக்கீல் பதற்றத்தோடு. "இன்னிக்கு உங்களுக்கு முடியலேன்னா பரவாயில்லே. நான் உள்ளே போய் ஒரு வாய்தா கேட்டு வாங்கிடறேன்."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கோபமேயில்லாத குரலில், வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி கேட்டார்.

"கேக்கறதுதான் கேக்கறீங்க, அப்பிடியே இன்னொன்னும் கேட்டுகினு வந்துருங்க சார். நீங்கள்லாம் எப்ப கெளம்புவீங்க?"